மூக்கில் விட்ட தைரியம்

ஆராய்ச்சி முடிந்துவிட்டதாம், மருந்து இனி கிடையாதாம். இதைச் சொல்லிவிட்டு டாக்டரம்மா சிரித்த முகத்தோடு நன்றி வேறு சொன்னாள். பஸ் டிரைவருக்கு வந்ததே கோபம்!

"நல்லா இருக்கே உங்க நியாயம்! வேணும்னா கூப்பிட்டு மூக்குல விடச் சொல்வீங்க, உங்க வேலை முடிஞ்சதும் கையைக் கழுவிடுவீங்க. நாளைக்கு நான் எதை நம்பி ஸ்டியரிங்கைப் பிடிக்கிறது?"

"ஒப்பிட்டுப் பார்க்கப் பாதிப் பேருக்கு வெறும் தண்ணிதான் கொடுத்தோம். உங்களுக்குக் கிடைச்சது நிஜ மருந்தும்மா. நீங்க தேறினதை எழுதி வச்சிருக்கோம்."

"எழுதி வச்சு? அதையா நான் மூக்குல விட?"

அவள் கேட்டதில் என்ன தப்பு? நாற்சந்தியில் அவள் பஸ்மீது லாரி வந்து மோதிய நாளிலிருந்து பஸ்ஸில் ஏறினாலே அவளுக்குக் கை உதறும். வருஷக்கணக்காக ஓட்டிய தடத்தில் அடுத்த நிறுத்தம் எதுவென்றே மறந்துபோகும். டெப்போவில் அவளைத் தொலைபேசி எடுக்கும் மூலையில் உட்காரவைத்துவிட்டார்கள். அப்போதுதான் இந்த மருந்து வந்தது. பெப்டைடு என்றார்கள், ஆய்வுக்கூடத்தில் செய்த, புரதத்தின் சின்னத் துண்டு. பதற்றம் குறைகிறதா, புத்தி தெளிகிறதா என்று பார்க்கப்போகிறோம் என்றார்கள். தினமும் காலையில் மூக்கில் சொட்டு. மொத்தமாகக் கொடுத்த குப்பிகள் ஃபிரிட்ஜிலேயே இருக்க வேண்டும், சூடு பட்டால் வீண். சில வாரங்களில் அவள் மறுபடி பஸ்ஸை எடுத்தாள்.

வீட்டுக்கு வந்தவள் கதவை அறைந்த அறையில் ஜன்னல் அதிர்ந்தது. நேராக ஃபிரிட்ஜைத் திறந்தாள். கடைசிக் குப்பியில் அடியில் கொஞ்சம் இருந்தது.

"இதைப் பாதிப் பாதியா விட்டுச் சமாளிக்கணும். அப்புறம் திரும்ப அந்த மூலைதான்," என்று கத்தினாள். அழுகையும் வந்தது, அதனால் கோபம் இன்னும் ஏறியது.

வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்த புருஷன் கத்தியைக் கீழே வைத்தான்.

"அது... மருந்து இல்ல."

"என்னது?"

"நீ வாங்கிட்டு வந்த முதல் வாரமே ஃபிரிட்ஜுல ஐஸ் கட்டியிருக்குன்னு அணைச்சேன். குப்பி அத்தனையையும் அடுப்புப் பக்கத்துல வச்சுட்டு மறந்துட்டேன். நாள் பூரா வெந்து போச்சு. நீ காளியாட்டம் ஆடுவியேன்னு கொதிக்க வச்ச தண்ணியில உப்புப் போட்டு..."

"யோவ்!" கல்யாணமான நாளிலிருந்து அவனை அப்படி அவள் கூப்பிட்டதில்லை. "என் மூக்குல ரசத்தையா விட்டே? அங்க ஒருத்தி நான் மருந்துல தேறினேன்னு எழுதி வச்சிருக்கா! மனுஷனாய்யா நீ?"

குப்பி சுவரில் பட்டுச் சிதறியது. அவன் குனிந்து சில்லு பொறுக்கினான். அவள் மூச்சு வாங்க நின்றாள்.

"அப்போ இத்தனை நாளா பஸ்ஸை ஓட்டினது யாரு?"

"நீதான்," என்றான் அவன், தலை நிமிராமல்.

காலையில் நாற்சந்தி வந்தது. கை லேசாக உதறத்தான் செய்தது. 'உப்புத் தண்ணியாம், உப்புத் தண்ணி!' என்று பல்லைக் கடித்துக்கொண்டு ஸ்டியரிங்கைத் திருப்பினாள். பஸ் பத்திரமாகக் கடந்தது. அடுத்த நிறுத்தம் எதுவென்று நன்றாகவே நினைவிருந்தது. அங்கே அவள் புருஷன் மட்டும் சாப்பாட்டுப் பையோடு கை காட்டிக்கொண்டு நின்றான்.

ஹாரனை நன்றாக ஒரு அழுத்து அழுத்தினாள். பஸ் நிற்கவில்லை.