படத்துக்குக் கீழே விளம்பரம்

1

இந்தக் கதை கோபத்தில் பிறந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வலைப்பதிவில் விளம்பர வருமானத்தைக் கூட்டுவது எப்படி என்று புளியந்தீவில் ஒரு மண்டபத்தில் வகுப்பு வைத்தார்கள். தேநீரும் பிஸ்கட்டும் தருவார்கள் என்று நானும் போயிருந்தேன். பேச வந்தவர் திரையில் ஒரு பக்கத்தைக் காட்டி, "வாசகரின் கண் எந்த இடத்தில் அதிகம் நிற்கிறதோ, அந்த இடத்தில் விளம்பரத்தை வையுங்கள்" என்றார். கண் ஏன் அங்கே நிற்கிறது என்று பார்க்க வேண்டாமா என்று கேட்டேன். காரணம் நமக்குத் தேவையில்லை என்று சிரித்தார். மண்டபமும் கூடவே சிரித்தது. நான் பிஸ்கட்டைப் பாதியில் வைத்துவிட்டு எழும்பி வந்தேன்.

அந்தச் சிரிப்புக்குப் பதில் சொல்லத்தான் வதனியை உண்டாக்கினேன். [இப்படி ஒருத்தி உண்மையில் இருக்கிறாளா என்று கேட்காதீர்கள். இருந்தால், தன்னைக் கதையாக்கியதற்கு முதலில் எனக்குத்தான் ஏச்சு விழும்.]

2

முதல் தொடக்கம்: "கடல் எழும்பி வந்த அந்தக் காலையில் வதனி"

வேண்டாம். சுனாமியை எழுதுகிற எல்லோரும் கடலில்தான் தொடங்குகிறார்கள்.

இரண்டாவது தொடக்கம்: "வாவியில் இளவெயில் விழுந்து, கல்லடிப் பாலத்தின் நிழல்"

இதையும் விட்டுவிடுவோம். நான் சொல்லப்போகும் அநியாயத்துக்கும் இளவெயிலுக்கும் ஒரு தொடர்பும் இல்லை.

நேராகவே சொல்கிறேன். வதனி புளியந்தீவில் போட்டோக்கொப்பிக் கடை வைத்திருப்பவள். அவளுடைய தங்கை கேதீஸ்வரியைச் சுனாமி கொண்டுபோனது. உடல் கிடைத்தது, வதனியே தன் கையால் மண் போட்டாள். உடல் கிடைக்காதவர்கள் அவளுடைய கடைக்குப் படம் கொப்பி எடுக்க வந்தார்கள். கொப்பியை எடுத்துக்கொண்டு எங்கே போவது என்று அவர்களுக்குத் தெரியவில்லை. அதனால் வதனி ஒரு வலைப்பதிவு தொடங்கி, ஆளுக்கு ஒரு பக்கமாகப் படமும் பெயரும் ஊரும் போட்டாள். கடல் கொண்டுபோனவர்களின் படங்கள் குறைந்தபோது, யுத்தத்தில் தொலைந்தவர்களின் படங்கள் வரத் தொடங்கின. யார் கொண்டுபோனது என்று அவள் யாரிடமும் கேட்கவில்லை. வெளிநாட்டிலிருந்து எழுதிக் கேட்கிற உறவினர்களுக்குத் தன் செலவிலேயே பதிலும் அனுப்பினாள்.

3

விளம்பரம் போடும் யோசனை யோகராசாவுடையது. வதனியின் மாமன் மகன், கணினி திருத்துபவன்.

"கனடா, லண்டன் எண்டு எல்லா இடத்தில இருந்தும் ஆக்கள் வந்து பாக்கிறாங்க வதனி. ஒரு விளம்பரத்தப் போட்டா ஸ்கேனர் வாங்குற காசாவது வரும்."

"செத்த வீட்டு வாசல்ல கடை போடச் சொல்றியா மச்சான்?"

"செத்த வீட்டுக்கும் வெத்தில பாக்கு காசு குடுத்துத்தானே வாங்குற?"

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பழைய ஸ்கேனரும் படங்களின் மேல் கோடு கோடாக இழுக்கத் தொடங்கியிருந்தது. சரி, ஓர் ஓரமாகப் போடு என்றாள்.

ஓரத்தில் போட்ட விளம்பரத்தை ஒருவரும் பார்க்கவில்லை. வருகிறவர்கள் எங்கே நிற்கிறார்கள், சுட்டியால் எதை அமத்துகிறார்கள் என்று வேவு பார்க்கிற ஒரு நிரலை யோகராசா பக்கத்தில் சேர்த்தான். எல்லோரும் படத்தில்தான் நின்றார்கள். வேறு எங்கே நிற்பார்கள்? உடனே விளம்பரத்தைப் படத்துக்குக் கீழே இறக்கினான். அதைச் சுற்றியிருந்த கோட்டை எடுத்தான். எழுத்துக்கும் பக்கத்தின் நீலத்தையே கொடுத்தான். விளம்பரம் அனுப்புகிற யந்திரத்துக்குத் தமிழ் விளங்காது என்பதால், காணாமற்போனவர், தேடுகிறோம் என்று ஒவ்வொரு படத்தின் கீழும் ஆங்கிலத்தில் எழுதினான். யந்திரத்துக்கு விளங்கிவிட்டது. ஆட்களைக் கண்டுபிடித்துத் தருவதாகச் சொல்லும் ஒரு கொம்பனியின் விளம்பரத்தை அது படங்களுக்குக் கீழே கொண்டுவந்து வைத்தது.

[அடிக்குறிப்பு மாதிரி: யோகராசாவைக் கெட்டவனாக எழுதப் பார்த்தேன், சரிவரவில்லை. கடையின் மின்விசிறி நின்றால் காசு வாங்காமல் ஏறித் திருத்துகிறவன் அவன். செய்ததெல்லாம் அந்த வகுப்பில் சொல்லிக் கொடுக்கிற பாடம்தான். நல்லவன் கையாலேயே இதைச் செய்விக்கலாம் என்பதுதான் எனக்கு இன்னும் எரிச்சல்.]

4

கண்ணகை தேற்றாத்தீவுக்காரி. மகன் ஜெயரூபன் லொறி ஓட்டிக்கொண்டு வன்னிக்குப் போனவன். யுத்தம் முடிந்தது, அவன் வரவில்லை. அவனைக் கடைசியாகக் கண்டவர்கள் சொன்னதன்படி, அவனை ஏற்றிக்கொண்டு போனது

[இந்த வசனத்தை வேண்டுமென்றே அறுத்துவிட்டேன். முடித்தால் நீங்கள் அந்த ஆட்களோடு சண்டைக்குப் போய்விடுவீர்கள். போக வேண்டியதுதான். ஆனால் அந்தச் சந்தடியில் விளம்பரக்காரன் நழுவிவிடுவான். இன்றைக்கு எனக்கு அவன் வேண்டும்.]

கண்ணகை பஸ் ஏறி வந்து, நளீர் என்பவர் நடத்துகிற இணையக் கடையில் இருந்து மகனுடைய பக்கத்தைப் பார்ப்பாள். வரவர அந்தப் பக்கத்தில்தான் விளம்பரம் அதிகம் அமத்தப்பட்டது. யோகராசாவுக்குச் சந்தோசம். புது ஸ்கேனரும் வந்தது.

ஒருநாள் காலை அவள் வதனியின் கடைக்குள் வந்து கதிரையில் இருந்தாள். முகம் மலர்ந்திருந்தது.

"என்ட மகனக் கண்டுபிடிச்சிட்டாங்க புள்ள."

வதனி கையிலிருந்த தாளைக் கீழே வைத்தாள். "ஆரம்மா சொன்னது?"

"உன்ட பக்கத்திலதான் புள்ள. அவன்ட படத்துக்குக் கீழ ஆக்களத் தேடிக் குடுக்கிற ஒரு கந்தோர் போட்டிருக்கிறாயெல்லோ? போற நேரமெல்லாம் அதைத்தான் அமத்துறன். பேர் கேக்கும். அவன்ட லைசன்சுக் கொப்பியில உள்ள இங்கிலீசப் பாத்து ஒவ்வொரு எழுத்தாக் குத்துவன். முந்தியெல்லாம் என்ன வருகுதெண்டு விளங்கல்ல. நேத்து நளீர் தம்பியக் கூப்பிட்டு வாசிக்கச் சொன்னன். அந்தப் பேரில மூணு பேர் இருக்காங்களாம். காசு கட்டினாத்தான் எங்க எண்டு காட்டுவாங்களாம்."

"நளீர் வேற ஒண்டும் சொல்லல்லையா?"

"அது பொய், காசைக் குடுத்திராதீங்க உம்மா எண்டார். எனக்குக் கோவம் வந்திட்டு. வதனி பொய் போடமாட்டாள் தம்பி எண்டு சொல்லிப்போட்டு வந்திட்டன்."

கைலேஞ்சித் துணியின் முடிச்சை அவிழ்த்து மேசையில் வைத்தாள். உள்ளே ஒரு சோடித் தோடு. "இத அடகு வெச்சு நீயே கட்டிவிடு. எனக்கு இங்கிலீசு தெரியா."

5

வதனி அவளை இருக்கச் சொல்லிவிட்டு உள்ளே போய்க் கணினியைத் திறந்தாள். ஜெயரூபனின் படம். கீழே நீல எழுத்து. அவளே தன் கையால் எழுதியது போல இருந்தது. அமத்தினாள். பெயர் கேட்டது. ஜெயரூபனின் பெயரை அடிக்க அவளுக்கு மனம் வரவில்லை. தங்கையின் பெயரை அடித்தாள்.

சக்கரம் சுற்றியது. பதிவுகளைத் தேடுகிறோம் என்றது. பிறகு, கேதீஸ்வரி என்ற பெயரில் மூன்று பேர் கிடைத்திருக்கிறார்கள், தொலைபேசி இலக்கம் தயாராக இருக்கிறது என்றது.

தன் கையால் மண் போட்ட பிள்ளை. அடுத்ததாக வாய்க்கு வராத எழுத்துகளைக் கண்டபடி குத்தினாள். அதற்கும் மூன்று பேர் கிடைத்தார்கள்.

யோகராசாவைத் தொலைபேசியில் பிடித்து, கண்டதைச் சொன்னாள்.

"அது நம்மட இல்ல வதனி, கொம்பனி போடுறது. என்ன வருமெண்டு எனக்கும் தெரியா."

"அவன்ட படத்துக்குக் கீழ இடம் குடுத்தது ஆரு?"

வதனி அதோடு விடவில்லை.

"சுத்திவர இருந்த கோட்டை எடுத்தது ஆரு மச்சான்? கோடு இருந்திருந்தா அது வேற, நான் வேற எண்டு அந்த மனிசிக்குத் தெரிஞ்சிருக்கும்."

"இப்பவே கழட்டிவிடுறன்" என்றான். கழற்றியும் விட்டான். ஆனால் கடைக்குள் இருக்கிற கண்ணகையை எப்படிக் கழற்றுவது?

[இந்த இடத்தில் கதாசிரியர் ஒதுங்கி நிற்க வேண்டும் என்பார்கள். நான் ஒதுங்கமாட்டேன். இது களவு. பிள்ளையைத் தேடும் தாயின் விரலை ஒருவன் பிடித்து இழுத்து, அவள் அமத்திய ஒவ்வொரு தடவைக்கும் காசு வாங்கியிருக்கிறான். அதற்குப் பெயர் வருமானத்தைக் கூட்டுவதாம். மண்டபத்தில் சிரித்த மனிதர் இந்தப் பக்கத்தைக் கண்டிருந்தால், நன்றாகக் காசு உழைக்கிற பக்கத்துக்கு உதாரணமாகத் திரையில் காட்டியிருப்பார்.]

6

முடிவுகள் எழுதிப் பார்த்தேன்.

ஒன்றில் வதனி உண்மையைச் சொல்ல, கண்ணகை மயங்கி விழுகிறாள். இப்படிப்பட்ட தாய்மார் மயங்கி விழுவதில்லை. அடுத்த பஸ்ஸில் அடுத்த கந்தோருக்குப் போகிறார்கள். அடித்துவிட்டேன்.

இன்னொன்றில், அந்தக் கந்தோரைப் பூட்டிவிட்டார்கள் அம்மா என்று வதனி சொல்கிறாள். அப்படியானால் மகன் கிடைத்துவிட்டான், கதவு மட்டும்தான் பூட்டு என்று ஆகிவிடும். கண்ணகை சாகும்வரை அந்தக் கதவைத் தேடுவாள். அதையும் அடித்தேன்.

மூன்றாவதில், அந்த மூன்று பேரில் ஒருவன் மெய்யாகவே ஜெயரூபன். ஒரு பின்னேரம் முழுக்க இருந்து எழுதினேன், எனக்கே கண் கலங்கியது. நீங்களும் அழுதிருப்பீர்கள், நாலு பேருக்கு வாசிக்கக் கொடுத்திருப்பீர்கள். பிறகுதான் உறைத்தது, அந்தக் கொம்பனி செய்வதையே நானும் செய்துகொண்டிருக்கிறேன் என்று. தாளைக் கிழித்தேன்.

கிழியாமல் மிஞ்சியது இவ்வளவுதான். வதனி வெளியே வந்து கண்ணகைக்கு முன்னால் ஒரு கதிரையை இழுத்துப் போட்டு இருந்தாள். தோடுகளைக் கைலேஞ்சிக்குள் வைத்து முடிந்து, கண்ணகையின் மடியில் வைத்தாள். கண்ணகை முடிச்சைப் பார்த்தாள். முகத்தில் இருந்த மலர்ச்சி மெல்லப் போனது. அழவில்லை. ஒன்று மட்டும் கேட்டாள்.

"அப்ப அந்த மூணு பேரும் ஆரு புள்ள?"

வதனி வாயைத் திறந்தாள். அவளுக்கு நான் வசனம் எழுதிக் கொடுக்கமாட்டேன். வதனி எழும்பிப் போகட்டும். அந்தக் கதிரையில் நீங்கள் இருங்கள். கண்ணகை காது கொடுத்துக்கொண்டிருக்கிறாள், சொல்லுங்கள்.