இடது கை

அக்காவின் பெட்டியைக் குழிக்குள் இறக்கியபோது அங்கே இருந்தவர்கள்: தங்கை. அக்காவை விட்டுப் பிரிந்து வேறொருத்தியோடு குடும்பம் நடத்துகிற அத்தான், கறுப்புக் கண்ணாடியோடு. பாலே குழுவின் இயக்குநர், கைக்கடிகாரத்தோடு. பியானோக்காரர். குழுவின் ஆட்டக்காரிகள் ஒரு வரிசை, துக்கத்திலும் பாதங்களை வெளிப்பக்கம் திருப்பியே நின்றவர்கள். கயிறு விடுகிற ஆட்கள். சற்றுத் தள்ளி, மரத்தடியில், யாரோடும் சேராமல் கொக்கு.

ஒரு பக்கத்துக் கயிறு வேகமாக ஓடிப் பெட்டி சாய்ந்தது.

"பார்த்து, பார்த்து" என்றார் அத்தான். அவர் கைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

தங்கையும் பெட்டியைப் பார்க்கவில்லை. கொக்கைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கொக்கு என்பது குழுவில் வைத்த பெயர். நீளக் கழுத்து, நீளக் கால், மேடையில் எப்போதும் கடைசி வரிசை. அக்காவிடம் பயிற்சி பெற்றவர்களில் ஒருத்தி. அக்கா விழுந்தபோது பயிற்சிக் கூடத்தில் அவளைத் தவிர ஒரு ஈ காக்கை இல்லை.

தங்கை விமான நிலையத்தில் அடுத்தவர் பெட்டியைக் கிளறிப் பார்க்கிற வேலை செய்கிறாள். இரவு முறை. பொய்யை மூட்டை கட்டிக்கொண்டு வருகிறவர்களைப் பார்த்துப் பார்த்து ஒன்று தெரிந்து வைத்திருந்தாள்: கேட்காத கேள்விக்குப் பதில் சொல்கிறவனின் பெட்டியை முதலில் திறக்க வேண்டும். மருத்துவமனையில் அவளைப் பார்த்ததும் கொக்கு சொன்ன முதல் வார்த்தை, "வகுப்புல மயங்கிட்டாங்க மேடம்." எங்கே மயங்கினாள் என்று யாரும் கேட்டிருக்கவில்லை.

அக்காவுக்கு இதயம் பலவீனம். சொல்லிக்கொடுக்கலாம், ஆடக் கூடாது என்று மருத்துவர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். விழுந்த அன்று மூளையில் அடைப்பு. வலது பக்கம் விழுந்துவிட்டது. பேச்சும் போய்விட்டது. கொக்கு கட்டிலின் கால்மாட்டில் வந்து நின்றதுமே அக்காவின் இடது கை எழுந்தது. இரண்டு விரல்கள் பின்னிக்கொண்டன. மணிக்கட்டு சுழன்றது. பிறகு உள்ளங்கை கதவைப் பார்த்து வீசித் தள்ளியது. திரும்பத் திரும்ப அதையே.

போ, வெளியே போ. வேறென்ன அர்த்தம்?

"இந்தப் பொண்ணை இனிமே உள்ள விடாதீங்க" என்று தங்கை நர்ஸிடம் சொன்னாள். கொக்கு போன பிறகு அக்காவின் கை இன்னும் அதிகமாக ஆடியது. கடைசியில் ஒரு புது வேலையும் சேர்ந்துகொண்டது. ஆள்காட்டி விரல் கட்டைவிரலைப் படபடவென்று தட்டும். தட்டித் தட்டி, மெல்ல ஓயும். நடுக்கம் என்று தங்கை நினைத்தாள். அதைப் பார்த்தவள் அவள் ஒருத்திதான். யாரிடமும் சொல்லவில்லை. கொக்கு வெளியே நாற்காலியில் உட்கார்ந்தே கிடந்தாள். அவள் அங்கே இருக்கும்போதே அக்கா செத்துப்போனாள்.

குழி மூடியதும் இயக்குநர் தங்கையிடம் வந்தார். "பெரிய இழப்பு. அவங்க அலமாரியை இன்னைக்கே காலி பண்ணிக்கிட்டா நல்லது. புது டீச்சர் நாளைக்கு வர்றாங்க."

பியானோக்காரர்தான் தன் காரில் அவளைக் கூட்டிப்போனார். அவளை அவர் தங்கச்சி என்றே கூப்பிட்டார்.

"என்னைப் பத்தி அக்கா சொல்லியிருக்காங்களா?"

"தங்கச்சி பகல்ல தூங்குவா, நான் ராத்திரி தூங்குவேன், வாசல்ல பார்த்துக்குவோம்னு சொல்லும். சண்டை போடக்கூட நேரம் கிடைக்கலன்னு சிரிக்கும்."

"விழுந்த அன்னைக்கு நீங்க எங்க இருந்தீங்க?"

"வீட்டுல. துணி துவைச்சிட்டிருந்தேன்."

"வகுப்புக்குப் போகலையா?"

"அன்னைக்கு ஏது தங்கச்சி வகுப்பு? வாராந்தர லீவு."



பயிற்சிக் கூடம் பெரிய அரங்கின் பின்கட்டில் இருந்தது. மேலே கண்ணாடிக் கூரை, ஒரு சுவர் முழுக்க நிலைக்கண்ணாடி, மற்ற சுவர்களில் கைப்பிடிக் கம்பி. வியர்வையும், காலணி வழுக்காமலிருக்கப் பூசுகிற பிசின்பொடியும் கலந்த வாடை. தங்கை இதற்கு முன் இங்கே வந்ததில்லை. கொக்கு அவர்களுக்கு முன்னாலேயே வந்து, தரையில் உட்கார்ந்து காலணி நாடாவைக் கணுக்காலில் கட்டிக்கொண்டிருந்தாள். இடுகாட்டிலிருந்து நேராக ஆட வந்துவிட்டாள் என்று தங்கை நினைத்தாள்.

"வகுப்புல மயங்கினாங்கன்னு சொன்ன."

கொக்கின் கை நாடாவில் நின்றது.

"அன்னைக்கு லீவாம். இவர் சொல்றார்."

"அட, என்னை ஏம்மா இழுக்குற" என்று பியானோக்காரர் தன் நாற்காலியில் போய் உட்கார்ந்துகொண்டார்.

"லீவுதான்" என்றாள் கொக்கு. "டீச்சர் எனக்குன்னு தனியா ஒரு ஆட்டம் கட்டிட்டிருந்தாங்க. முடிஞ்சதும் இயக்குநருக்குக் காட்டணும், கடைசி வரிசையிலிருந்து உன்னை வெளிய இழுக்கணும்னு சொன்னாங்க. யாருக்கும் தெரியக் கூடாதுன்னாங்க."

"எனக்குமா?"

"உங்களுக்குத்தான் முக்கியமா. தெரிஞ்சா அவ கதவைப் பூட்டி என்னை உள்ள உட்கார வச்சிடுவான்னாங்க."

தங்கையின் முகம் மாறவில்லை. சோதனைக்கு வந்த பயணி மாதிரி இவள் பெட்டியின் மேல் துணியை மட்டும் எடுத்துக் காட்டியிருக்கிறாள். அடியில் இன்னும் இருக்கிறது.

"ஆடக் கூடாதுன்னு டாக்டர் சொன்னது உனக்குத் தெரியுமா?"

"தெரியும். அவங்க ஆட மாட்டாங்க. உட்கார்ந்துக்கிட்டே கையால காட்டுவாங்க. நாங்க எல்லாருமே களைப்பா இருந்தா அப்படித்தான் செய்வோம். விரல்தான் கால். எனக்குக் கடைசிப் பகுதி மட்டும் பிடிபடவே இல்ல." கொக்கு தரையைப் பார்த்தாள். "ஒரே ஒரு தடவை முழுசா ஆடிக் காட்டுங்கன்னு நான்தான் கேட்டேன்."

"நீ கேட்ட."

"ஆமா. எழுந்து ஆடினாங்க. முழுசா. முடிச்சதும் கம்பியைப் பிடிக்கப் போனாங்க. கைக்கு எட்டல."

பியானோக்காரர் அந்தக் கம்பியைத் திரும்பிப் பார்த்தார்.

"ஆஸ்பத்திரியில என்னைப் போகச் சொல்லல மேடம்" என்றாள் கொக்கு. "அந்த ஆட்டத்தைத்தான் கையால ஆடிட்டிருந்தாங்க. நீங்க தப்பா எடுத்துக்கிட்டீங்க."

வசதியான கதை. குற்றத்தைப் பாதி ஒப்புக்கொண்டு, மீதிப் பாதியை எதிராளியின் தலையில் கட்டுகிற கதை. இப்படிப்பட்டவர்களையும் தங்கை பார்த்திருக்கிறாள். ஆனால் இதில் ஒரு சிக்கல் இருந்தது. இவள் சொல்வது பொய்யானால், சாகக் கிடந்த அக்காவிடமிருந்து ஒரு கெட்டவளைத் துரத்தியதாகக் கணக்கு முடியும். உண்மையானால், அக்கா கடைசியாகப் பேசிய ஒரே ஆளை வெளியே நாற்காலியில் காக்க வைத்து, அக்காவைத் தனியாகச் சாகவிட்டது யார்?

"ஆடு" என்றாள்.

"இப்பவா?"

"அதுக்குத்தானே காலணி கட்டியிருக்க."

"என்ன வாசிக்கணும்?" என்று பியானோக்காரர் கேட்டார்.

"பாட்டு இல்ல சார். டீச்சர் வாயாலதான் எண்ணுவாங்க."

பியானோக்காரர் கைகளை மடியில் வைத்துக்கொண்டார். தங்கை கம்பியில் சாய்ந்து நின்று, இடது கையைக் கோட்டுப் பைக்குள் விட்டுக்கொண்டாள்.

கொக்கு நடுவில் போய் நின்றாள். ஒரு பாதத்தை மற்றதன் முன்னால் ஒட்டிப் பின்னினாள். சுழன்றாள். கூடத்தைக் குறுக்கே வெட்டி, கதவுப்பக்கமாகப் பாய்ந்து இறங்கினாள். காலணி மரத்தரையில் டொக்டொக்கென்று இடித்தது. இதையெல்லாம் கட்டிலின் கால்மாட்டில் நின்றபோதே இவள் பார்த்துவிட்டாள். பார்த்ததை வைத்து யாரும் ஆட்டம் கட்டிவிடலாம். தங்கை காத்திருந்தாள்.

மறுபடி பின்னல், சுழற்சி, பாய்ச்சல். பிறகு கொக்கு கதவருகே ஒற்றைக் காலின் விரல்நுனியில் ஏறி நின்றாள். மற்றொரு பாதம் நின்ற காலின் கணுக்காலைப் படபடவென்று தட்டத் தொடங்கியது. உடம்பில் வேறெதுவும் அசையவில்லை. தட்டிக்கொண்டே இருந்தது, பிறகு சட்டென்று அறுந்தது. கொக்கு தடுமாறிக் கீழே இறங்கினாள்.

கோட்டுப் பைக்குள் தங்கையின் ஆள்காட்டி விரல் கட்டைவிரல் மேல் இருந்தது. எப்போது அங்கே போனது என்று அவளுக்குத் தெரியவில்லை.

"இங்கதான் எனக்கு வராது" என்றாள் கொக்கு, மூச்சிரைக்க. "நான் வெடுக்குன்னு நிறுத்திடுறேன். அவங்க ஆடினப்போ..."

"மெல்ல ஓயணும்" என்றாள் தங்கை.

கொக்கு அவளை நிமிர்ந்து பார்த்தாள். "உங்களுக்கு எப்படித் தெரியும்?"

பியானோக்காரர் குனிந்து, வாசிக்காத பியானோவின் தூசியைக் கைக்குட்டையால் துடைத்தார். துடைத்த இடத்தையே மறுபடியும் துடைத்தார்.

"நான் கேட்டிருக்கக் கூடாது மேடம்" என்றாள் கொக்கு.

"கேட்டிருக்கக் கூடாதுதான்" என்றாள் தங்கை. "யார்கிட்டயாவது சொன்னியா?"

"இல்ல."

"சொல்லாத."

கதவு திறந்து அரங்கின் காவலாளி தலையை நீட்டினார். "அலமாரியை எடுத்தாச்சாம்மா? அடுத்த கோஷ்டி வெளிய நிக்குது. இயக்குநர் சத்தம் போடுறார்."

"இன்னும் முடியல."

"ஒரு அலமாரிக்கு இவ்வளவு நேரமா? அவர் என் தலையைத்தான் உருட்டுவார்."

"உருட்டினா என் பேரைச் சொல்லுங்க" என்று தங்கை அவர் தோளில் கைவைத்து, பெட்டியோடு தகராறு செய்கிற பயணியை வரிசையிலிருந்து விலக்குகிற பக்குவத்தில், மெதுவாக வெளியே நகர்த்தினாள். நடையில் நின்றிருந்த பெண்கள் எட்டிப் பார்த்தார்கள்.

அவள் கொக்கின் பக்கம் திரும்பினாள். "அந்தக் கடைசிப் பகுதியிலிருந்து ஆடு. நான் சொல்ற வரைக்கும் நிறுத்தாத."

பிறகு காவலாளியின் முகத்துக்கு நேராகக் கதவைச் சாத்தி, உள்ளே பூட்டினாள்.