மேற்கு மலையில் இல்லாத தண்ணீர்

மேற்கு மலைக்காரர்கள் ஒரே மாதத்தில் இருபத்திரண்டு ஊற்றுகளை மறைத்தார்கள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்று நாம் சும்மா பேச்சுக்குச் சொல்வோம். அந்த மனுஷர்கள் செய்தே காட்டினார்கள். முக்கால்வாசி வேலை ஊர்க் கொத்தனார் கையால் நடந்தது. ஊற்றின் வாயில் களிமண், மேலே கல், கல் இடுக்கில் சிமெண்டுப் பூச்சு, அதற்கும் மேல் ஒரு கூடை சருகு. பக்கத்தில் நின்றாலும் தெரியாது. சொட்டுத் தண்ணீர் கசியவில்லை.

காரணம் இல்லாமல் இல்லை. பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு அதிகாரி வந்து இந்த மலையின் பெரிய ஊற்றில் கை கழுவி, வாய் கொப்பளித்து, அருமையான தண்ணீர் என்று பாராட்டிவிட்டுப் போனார். மறு வருஷமே அது குழாயில் ஏறி நகரத்துக்குப் போய்விட்டது. சூடு கண்ட பூனை மறுபடி அடுப்பங்கரைக்குப் போகுமா? இந்த மலையிலும் பக்கத்துக் கிழக்கு மலையிலும் என்னென்ன இருக்கிறது என்று கணக்கெடுக்க சர்க்காரிலிருந்து ஒரு மேடம் வருகிறார் என்றதும் ஊர் கூடிப் பேசியது. எதைக் கேட்டாலும் இல்லை என்று சொல்லிவிடுவது என்று முடிவாயிற்று.

மேடத்துக்கு வழிகாட்டியாகப் போனவரும் கொத்தனார்தான். நாடாவும் நோட்டும் பாட்டில்களுமாக அந்த அம்மா பத்து நாள் அலைந்தார். கொத்தனார் அவரை வெயில் காயும் தெற்குச் சரிவிலேயே சுற்றவிட்டார். இரண்டு ஆள் சேர்ந்து கட்டிப்பிடிக்கிற மரங்கள் வடக்குச் சரிவில் இருந்தன, கறுப்பு மண்ணும் அங்கேதான். அந்தப் பக்கம் திரும்பினாலே, "பாம்பு ஜாஸ்தி மேடம்" என்று சொல்லிவிடுவார். ஊர் அன்றாடம் குடிக்கிற ஒன்பது ஊற்றை மட்டும் காட்டினார்.

கிழக்கு மலைக்காரர்கள் நேர்மாறு. அங்கே மண் சிவப்பு, அதுவும் ஒரு சாண் ஆழம்தான், மரங்கள் நோஞ்சான். ஆனால் இருக்கிற இருபத்தாறு ஊற்றையும், ஒவ்வொரு தேன்கூட்டையும் கையைப் பிடிக்காத குறையாக அழைத்துப் போய்க் காட்டினார்கள். கொத்தனாரின் தங்கையை அங்கேதான் கட்டிக்கொடுத்திருந்தது. தங்கை புருஷன் ஒரு வாயாடி.

"என்ன மச்சான், உங்க மலையில மேடத்துக்குக் குடிக்கத் தண்ணியாவது குடுத்தீங்களா, இல்ல கல்லைச் சப்பச் சொன்னீங்களா?"

"நிறைகுடம் தளும்பாது மாப்பிள்ளை," என்றார் கொத்தனார். வீடு வந்து சேரும்வரை அவருக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

எட்டு மாதம் கழித்து அறிக்கை வந்தது. ஊர்க் கூட்டத்தில் மேடமே படித்தார். வளமான கிழக்கு மலை பாதுகாக்கப்படும். மேற்கு மலையில் இழப்பதற்கு அதிகம் இல்லை என்பதால் அது கல் குவாரிக்கு விடப்படும். நாற்பது வீடுகளும் காலி செய்ய வேண்டும். சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொள்வது என்பது வேறென்ன? ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்கவில்லை. கொத்தனார்தான் எழுந்தார். நடந்ததையெல்லாம் சொன்னார்.

"பொய் சொல்லிட்டோம் மேடம். எங்ககிட்ட முப்பத்தோரு ஊத்து இருக்கு."

மேடம் கோபப்படவில்லை. "அறிக்கை வந்த பிறகு எல்லா ஊர்லயும் இப்படித்தான் சொல்றாங்க," என்றார். "அறிக்கையை மாத்த நாளைக்கு ஒரு நாள்தான் இருக்கு, மரம் மண்ணெல்லாம் அளக்க நேரமில்லை. தண்ணி ஓடுறதை என் கண்ணால பார்க்கணும். கிழக்கை விட ஒண்ணு கூட இருந்தா மாத்தி எழுதுறேன். சமமா இருந்தா என்னால ஒண்ணும் செய்ய முடியாது."

கொத்தனார் விரலை மடக்கிக் கணக்குப் போட்டார். இருபத்தேழு வேண்டும். ஒன்பது ஏற்கெனவே இருக்கிறது. மறைத்த இருபத்திரண்டில் பதினெட்டு ஓடினால் போதும். நாலு போனாலும் தாங்கும்.

காலையில் ஊரே கடப்பாரையோடு மலை ஏறியது. முதல் கல்லைப் பெயர்த்ததும் தண்ணீர் குபுக்கென்று வந்தது. கொத்தனாரின் மனைவி முதல் செம்பை மேடத்திடம் நீட்டினாள். இரண்டாவதும் ஓடியது. மூன்றாவதில் ஈர மண்தான் இருந்தது. முழங்கை ஆழம் தோண்டியும் தண்ணீர் வரவில்லை.

"வாயை அடைச்சா அது உள்ளேயே உட்கார்ந்திருக்குமா?" என்றார் மேடம் மெதுவாக. "வேற வழி பிடிச்சுப் போயிருக்கும். எங்கேன்னு கண்டுபிடிக்க முடியாது."

நாலும் ஐந்தும் ஓடின. ஆறாவது வறண்டு கிடந்தது. ஏழாவதும் அப்படியே. பூச்சு எங்கேயும் விரிசல்கூட விடவில்லை. அதைப் பார்க்கப் பார்க்கக் கொத்தனாருக்குத் தன் கையைத் தானே வெட்டிப் போடலாம் போலிருந்தது. எட்டு, ஒன்பது, பத்து மூன்றிலும் தண்ணீர் வந்தது. ஜனங்களுக்குத் தெம்பு வந்துவிட்டது. பதினொன்றாவதில் இல்லை. கைவிட்டுப் போனதில் அது நாலாவது.

பொறுமை இல்லாத ஜனம் அடுத்த மேட்டுக்கு ஓடிவிட்டது. பன்னிரண்டாவதில் கொத்தனாரும் மேடமும் மட்டும் நின்றார்கள். அவரே கடப்பாரை போட்டார். கல் புரண்டது. உள்ளே களிமண் காய்ந்து பாளம் பாளமாகக் கிடந்தது. மண்டியிட்டுக் கையால் பறித்தார். நகம் பிய்ந்து ரத்தம் வந்தது; அவர் நிறுத்தவில்லை.

"போதும்ணே," என்றார் மேடம்.

"இன்னும் பத்து இருக்கு மேடம்."

"பத்தும் ஓடினாலும் இருபத்தாறுதான், கிழக்குக்குச் சமம்." மேடம் நோட்டை மூடினார். அவருக்கும் கண் கலங்கியிருந்தது. "ஜனங்ககிட்ட நான் சொல்லட்டுமா, நீங்க சொல்றீங்களா?"

அதற்குள் மேட்டிலிருந்து மனைவியின் குரல் கேட்டது. "என்னங்க, இங்க ரெண்டு ஊத்து சேர்ந்தாப்பல கொட்டுது. அங்க என்ன ஆச்சு?"

அவளுக்குப் பின்னால் யாரோ யார்மேலோ தண்ணீரை வாரி அடித்துச் சிரிக்கும் சத்தம். நேற்றைய கூட்டத்துக்குப் பிறகு இந்த ஊர் சிரித்து அவர் கேட்கவில்லை. மேடம் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"இங்கேயும் வருது," என்று கொத்தனார் குரல் கொடுத்தார். பிறகு கடப்பாரையை எடுத்துக்கொண்டு மேலே ஏறினார்.