நடக்க இடமில்லாத தெரு

பாதையை அகலமாக்கியபோது பெல்மதுளையில் பளீலாவின் கடைவீட்டு வாசலில் இருந்த நடைபாதை போய்விட்டது. அதன் பிறகு வெளியே காலெடுத்து வைக்கவே பயந்து மேல்மாடியில் அடைந்து கிடந்தாள். உடம்பு கனத்தது, சீனி வருத்தம் என்ற நீரிழிவும் கூடியது.

"நடக்காட்டி கடைசியில கால வெட்ட வேண்டி வரும்," என்றார் டொக்டர்.

மறுநாள் விடியற்காலையில் துணிந்து தெருவில் இறங்கினாள். உரசுவதுபோல் வந்த பஸ்ஸுக்கு ஒதுங்கப்போய்த் தெருவோரச் சாக்கடைக் கானுக்குள் விழுந்தாள். மகன் இப்திகார்தான் தூக்கிவந்தான்.

"இனி ரோட்டுப் பக்கம் போக வேணாம் உம்மா."

"அப்ப நான் எங்க மகன் நடக்கிற?"

அவன் கீழே கடை திறக்கப் போனான். பளீலா மாடிப்படியில் ஏறி இறங்கத் தொடங்கினாள். பாதிப் படியில் முழங்கால் பூட்டிக்கொண்டது. ஏறவும் முடியவில்லை, இறங்கவும் முடியவில்லை. மகனைக் கூப்பிட்டாள். லொறிகளின் இரைச்சலில் அவனுக்குக் கேட்கவில்லை.