வேலிக்கு மேலே ஒரு ‘நீ’

ஒரு மணிக்கு மதிய அமைதி தொடங்கிவிடும். பிறகு மூன்று மணி வரை அந்தத் தோட்டச் சங்கத்தில் எவரும் சத்தமெழுப்பக் கூடாது. தொலைக்காட்சிப் படம் எடுப்பவர்களுக்கும் அதுவே விதி. பிரேமன் நகரின் ஓரத்தில், செடிவேலியின் உயரத்துக்காகப் பதினெட்டு ஆண்டுகளாகச் சண்டையிடும் இரு அண்டைத் தோட்டக்காரர்களின் நகைச்சுவைக் கதையைப் படமாக்கிக்கொண்டிருந்தார்கள். மணி பன்னிரண்டு ஐம்பது.

ஹென்ரிகேயின் மடியில் வசனப் பிரதி இருந்தது. நடிகர்கள் ஒரு சொல் பிசகினாலும் குறித்துவைப்பது அவள் வேலை. மூன்று நாட்களாக அவள் போட்ட கோடுகளில் பெரும்பாலானவை அறுபத்தெட்டு வயது ஃபோல்க்மாருக்கு உரியவை. காலையில் தயாரிப்பாளர் அவளைத் தனியே அழைத்துச் சொல்லியிருந்தார்:

“இந்தக் காட்சியிலயும் அவர் சொதப்பினா வேற நடிகரப் போட்டு முதல்லேர்ந்து எடுத்துடுவோம். நீ குறிக்கிறதுதான் கணக்கு.”

“நடி!” என்றாள் இயக்குநர் கெசா.

வேலியின் இருபுறமும் ஃபோல்க்மாரும் ரோஸ்விதாவும் நின்றார்கள்.

“நூத்து இருபத்தஞ்சு சென்டிமீட்டருக்கு மேல ஒரு இலை கூட நிக்கக் கூடாது!”

“அளந்து பாருங்க. உங்க கண்ணுதான் குட்டை.”

“முதல்ல அந்தக் கத்திரிய நீ கீழ வை!” என்று கத்தினார் ஃபோல்க்மார்.

ஹென்ரிகேயின் பென்சில் நின்றது. பிரதியில் இருந்தது ‘நீங்க’. படப்பிடிப்புத் தளத்தில் வயது பாராமல் அனைவரும் ஒருவரையொருவர் நீ என்றே அழைப்பார்கள். அந்தப் பழக்கம் வசனத்துக்குள் வழுக்கி விழுந்துவிட்டது. ஆனால் வேலிக்கு அப்பாலிருக்கும் பெண்ணை, அவள் இசையாமல், அந்த ஊரில் எவரும் அப்படி அழைத்துவிட முடியாது.

ரோஸ்விதா நடிப்பை நிறுத்தவில்லை; கத்திரியை மெல்ல இறக்கி, பிரதியில் இல்லாததைப் பேசினாள்.

“நாம எப்போ ‘நீ’க்கு வந்தோம்? எனக்குத் தெரியாமக் கல்யாணம் ஏதும் ஆயிடுச்சா?”

ஒலிப்பதிவாளர் சிரிப்பை அடக்கத் தன் சட்டைக் கையைக் கடித்தார். ஃபோல்க்மாரின் முகத்தில் இரத்தம் வற்றியது. பிறகு அவர் தொப்பியைக் கழற்றினார்.

“மன்னிச்சுக்கங்க. வாய் தவறிடுச்சு. பதினெட்டு வருஷமா மனசுக்குள்ள அப்படித்தான் கூப்பிட்டுக்கிட்டிருக்கேன்.”

பேசியவர் நடிகரா, கதையின் தோட்டக்காரரா? ஹென்ரிகேயால் பிரித்தறிய முடியவில்லை. எத்தனையோ படங்களில் சொற்களைச் சரிபார்த்தவள் அவள். ஒரு சொல் பிறக்கும் கணத்தில் அருகிலிருந்தது இதுவே முதல்முறை.

“போதும்,” என்றாள் கெசா, தன் குரலைத் தானே நம்பாதவள் போல.

தயாரிப்பாளர் திரும்பினார். “தப்பு உண்டா, இல்லயா?”

“உண்டு.” ஹென்ரிகேயால் பொய் சொல்ல முடியாது. “பிரதியிலதான். பதினெட்டு வருஷம் ஒருத்தியையே பாத்துட்டிருந்தவன் ‘நீங்க’ன்னு எப்படிக் கத்துவான்?”

தயாரிப்பாளர் கெசாவைப் பார்த்தார். கெசா கண்களைத் துடைத்தபடி தலையசைத்தாள்.

“சரி, ஃபோல்க்மாரே இருக்கட்டும்,” என்றார் அவர்.

ஹென்ரிகே அச்சிட்ட வரிகளை அடித்துவிட்டு ஃபோல்க்மாரிடம் நடந்தாள். “ஃபோல்க்மார், ‘மனசுக்குள்ள’ன்னு சொன்னியா, ‘மனசுல’ன்னு சொன்னியா? சரியா எழுதிக்கணும்.”

“எனக்கென்ன தெரியும்?” என்றார் அவர். “நானா சொன்னேன்?”

ஒலிப்பதிவாளர் தன் ஹெட்ஃபோனைக் கழற்றி நீட்டினார். அவளும் ஃபோல்க்மாரும் தலையோடு தலை சேர்த்து, பதிவில் வரப்போகும் அந்தக் குரலுக்காகக் காத்திருந்தார்கள்.