சுருளிவேலின் சாக்குக் கட்டு

சாந்தம்மாளின் கைகளுக்குச் சும்மா இருக்கத் தெரியாது. பிள்ளைகள் கோட்டயத்துக்குப் படிக்கப் போன பிறகு புருஷனுடைய கம்பவுண்டர் குவார்ட்டர்ஸில் அந்தக் கைகளுக்கு வேலையில்லை. மதியமானால் ஒரு பிளாஸ்க் சாயாவோடு பழைய தேயிலைத் தொழிற்சாலைக் கொட்டகைக்கு வந்துவிடுவாள். யாரும் கூப்பிடவில்லை, சம்பளமும் கிடையாது.

எஸ்டேட்டில் கழித்துப்போட்ட உரச்சாக்கும் தகரமும் பாட்டிலும் அங்கேதான் வந்து சேரும். உடம்பில் குறை உள்ளவர்கள் அவற்றைப் பிரித்து, கழுவி, கட்டிவைப்பார்கள். பீர்மேட்டிலிருந்து இறங்கும் லாரி அவற்றை ஏற்றிக்கொண்டு போகும்.

சுருளிவேலின் வலது கையை முழங்கைக்குக் கீழே கொழுந்து உருட்டும் எந்திரம் கொண்டுபோயிருந்தது. இங்கே தற்காலிக ஆள். இன்று வெல்பேர் ஆபீசர் வந்து பார்த்துச் சரியென்றால் நிரந்தர ஆளாக மஸ்டர் பதிவேட்டில் பெயர் ஏறும். இல்லாவிட்டால், அவனும் அவன் அம்மாவும் இருக்கும் தொழிலாளர் லயத்து வீட்டைக் காலி செய்ய வேண்டும். வேலையாள் இல்லாத வீட்டை எஸ்டேட் விட்டுவைக்காது.

அவன் சாக்குகளை முழங்காலால் அமுக்கி, கயிற்று நுனியைப் பல்லில் கவ்வி, இடது கையால் சுற்றி இழுத்தான். கயிறு நழுவியது. மறுபடி சுற்றினான். மறுபடியும் நழுவியது. சாந்தம்மாள் எழுந்தாள், உட்கார்ந்தாள், எழுந்தாள்.

"கம்பவுண்டரம்மா, ஒங்களுக்கு அடியில எறும்பா கடிக்குது?" என்றாள் ராமுத்தாய். போலியோ வந்த காலை நீட்டிப்போட்டுச் சாக்கு தைத்துக்கொண்டிருந்தாள்.

"அவன் படுற பாட்டப் பாத்துக்கிட்டு எப்படிடீ இருக்குறது?"

"பாக்காதீங்க. இந்தாங்க, ஊசி கோத்துக் குடுங்க."

அதற்குள் சாந்தம்மாள் போய்க் கயிற்றை வாங்கிவிட்டாள். இரண்டு இழுப்பில் கட்டு இறுகியது. தினமும் இப்படித்தான். சுருளிவேல் நகர்ந்துகொள்வான்.

தகரக் கூரையில் மழை. ஜீப் வந்ததே கேட்கவில்லை. அடுத்த கட்டையும் முடித்து அவள் நிமிர்ந்தபோது வாசலில் ஆபீசர் குடையை மடக்கிக்கொண்டிருந்தார்.

"சுருளிவேல் யாரு?"

"நாந்தாங்கய்யா."

"கட்டு கட்டறது இவங்க. அப்போ நீ எதுக்கு?" மலையாள இழுப்போடு கேட்டுவிட்டு, பதிலுக்கு நிற்காமல் பக்கத்து ஸ்டோரைப் பார்க்கப் போனார்.

ராமுத்தாயின் ஊசி நின்றுவிட்டது.

"நான் போய்ச் சொல்றேன் சுருளி. என் தப்புன்னு சொல்றேன்."

"சொன்னாலும் கட்டு நீங்க கட்டுனதுதானம்மா."

அவள் கட்டிய இரண்டையும் அவன் பல்லால் அவிழ்த்தான். சாக்குகள் சரிந்து பரவின.

"அங்கன உக்காருங்க," என்று ராமுத்தாய்க்குப் பக்கத்தில் கவிழ்த்துவைத்த டின்னைக் காட்டினான். "எந்திரிக்காதீங்க. என்ன ஆனாலும்."

ஆபீசர் திரும்பி வந்தபோது அவன் குனிந்து முதல் சுற்றுச் சுற்றிக்கொண்டிருந்தான். கயிறு நழுவியது. ஆபீசர் அவனைப் பார்க்கவில்லை, அவளைப் பார்த்தார். சாந்தம்மாள் இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து அழுத்திக்கொண்டாள். விரல்கள் அங்கேயும் துடித்தன. இரண்டாவது தடவையும் நழுவியது. எழுந்துவிடுவோம் என்று அவளுக்கே பயமாக இருந்தது. அவள் எழுந்துவிடாதபடி ராமுத்தாய், தைத்து முடித்த சாக்குகளை ஒவ்வொன்றாக அவள் மடியில் போட்டுக்கொண்டே இருந்தாள்.

சுருளிவேல் பாதத்தால் கயிற்றை மிதித்து, நுனியைப் பல்லில் கவ்வித் தலையைப் பின்னால் வெட்டி இழுத்தான். முடிச்சு விழுந்தது.

ஆபீசர் அந்தக் கட்டைத் தன் பூட்ஸால் உருட்டினார். அது புரண்டு, சுவரில் மோதி, அவிழாமல் அப்படியே நின்றது. இன்னொரு தடவை உருட்டினார்.

"நாளைக்கு மஸ்டருக்கு வா."

ஜீப் போய்விட்டது. சுருளிவேலின் உதட்டோரம் கயிறு அறுத்து ரத்தம் கசிந்தது. சாந்தம்மாள் சாக்குகளைத் தள்ளிவிட்டு முந்தானையால் துடைக்க எழுந்தவள், பாதி வழியில் நின்றாள். அவன் சட்டைத் தோளில் துடைத்துக்கொண்டான்.

அவள் கைகள் அந்தரத்தில் தொங்கின. எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

"ஒரு சாயா ஊத்துங்கம்மா," என்றான் சுருளிவேல், அடுத்த கட்டுக்குச் சாக்குகளை அடுக்கியபடி. "வாயெல்லாம் ஒரே உர நாத்தம்."