இலை செய்யாத வேலை

ஆய்வுக்கூடத்துத் திரையில் சூரணச் சோதனையின் கோடு தாழ்ந்தே ஊர்ந்தது. நடுவே சில சிறு மேடுகள் தலைகாட்டின. முடக்கறுத்தான் இலையில் இயல்பாய் உள்ள ஃபிளேவனாய்டு என்னும் சத்துகள் அவை. மூட்டு வீக்கத்தை மெல்லத் தணிக்கக்கூடும் என்று ஆண்டுக்கணக்காய் ஆய்வாளரான அவள் ஆராய்ந்து வருபவை. பெற்ற பிள்ளைகளின் முகம்போல் அவளுக்குப் பழகியவை. அவற்றுக்கு அப்பால், கோபுரமென ஒரு மேடு எழுந்து நின்றது.

குப்பி மாறிவிட்டதோ என்று சோதனையை மறுபடி ஓட்டிப் பார்த்தாள். அதே மேடு. ஸ்டீராய்டு! தொழிற்சாலையில் பிறப்பது, இந்த இலை ஈன்றதன்று.

அந்தச் சூரணம் அத்தானுடையது. மூலிகைக் கடைக்காரர், சோதிக்கச் சொல்லித் தாமே கொடுத்தனுப்பியவர். அக்காள் அதை மாதக்கணக்காய் இருவேளையும் உண்டு வருபவள். நெஞ்சு கொதிக்க, இளையவள் நேரே அக்காள் வீட்டுக்குப் போனாள்.

"பாத்தியாடி, ஓடி வந்து கதவைத் திறக்கறேன்!" என்றாள் அக்காள். "முகம்கூட நிலா மாதிரி ஆயிடுச்சுன்னு எல்லாரும் சொல்றாங்க."

புலவர் பாடிய நிலா அல்ல அது. ஸ்டீராய்டால் முகம் உப்பும் என்று மருத்துவ நூல் எச்சரிக்கும் நிலா.

"வா விஞ்ஞானி!" என்றார் அத்தான். "என்ன சொல்லுது உன் மெஷின்? இலை இருக்கா?"

"இருக்கு. கூடவே ஸ்டீராய்டும் இருக்கு."

அவர் சிரிப்பு பாதியில் நின்றது. "இலை இருக்கான்னு மட்டும்தானே பாக்கச் சொன்னேன்? வெறும் இலைன்னா மாசக்கணக்காகும். வர்றவங்க நாளைக்கே நடக்கணும்ங்கறாங்க. அதான் கொஞ்சம் மாத்திரையைத் தூளாக்கி..."

"கட்டின பொண்டாட்டிக்குமா?"

"அவ வலியில கத்தினப்போ நீயா பக்கத்துல இருந்தே?"

"டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போயிருக்கணும்! இலைமேல நம்பிக்கை இல்லைன்னா அதை விட்டுத் தொலைச்சிருக்கலாமே அத்தான்! மாத்திரை செஞ்ச வேலைக்கு இலைக்குப் பேரு. நாளைக்கு இந்த ஸ்டீராய்டால யாருக்காவது எலும்பு நொறுங்கினா, பழியும் அந்த வாயில்லாத இலைக்குத்தானே?"

அக்காள் சூரண டப்பாவை எடுத்துக்கொண்டு பாத்திரம் கழுவும் தொட்டியருகே விரைந்தாள். "இனி ஒரு சிட்டிகை தொடமாட்டேன்!"

தன் கையாலேயே அதைக் கொட்டிக் கவிழ்க்க வேண்டுமென்று வழியெல்லாம் கறுவிக்கொண்டு வந்தவள்தான் இளையவள். இப்போது பாய்ந்து அக்காளின் மணிக்கட்டைப் பற்றினாள்.

"கொட்டாதேக்கா! சட்டுனு நிறுத்தினா உயிருக்கே ஆபத்து. உன் உடம்பு தானா ஸ்டீராய்டு சுரக்கறதையே மறந்திருக்கும். டாக்டர் பாத்துப் படிப்படியாத்தான் குறைக்கணும். அதுவரைக்கும் இதைத்தான் சாப்பிட்டாகணும்."

சொல்லும்போதே நாக்கு கசந்தது. சினந்து எறிய வந்த நஞ்சையே காத்து நிற்கும் நிலை! அத்தான் பக்கம் திரும்பினாள்.

"வாங்கிட்டுப் போனவங்க ஒவ்வொருத்தருக்கும் நீங்களே, உங்க வாயால இதைச் சொல்றீங்க. நானும் கூட வரேன்."

"சொல்றேன்" என்றார் அவர்.

அக்காள் டப்பாவை அவரிடம் நீட்டினாள். "தூக்கிட்டு வாங்க. எவ்வளவு கலந்தீங்கன்னு டாக்டர் கேப்பாரு. எனக்கா தெரியும்?"

அவர் செருப்பைத் தேடிக்கொண்டிருக்கையில், அக்காள் படியிறங்கிவிட்டாள், வலியே இல்லாத தன் கால்களை வெறுப்போடு பார்த்தபடி.